கமிஷனை நம்பி ரியல் எஸ்டேட்டில் இறங்குகிறீர்களா? பெங்களூரு ஏஜென்ட்டுகளுக்கு ஒரு முழுமையான பண வழிகாட்டி

பெங்களூரில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக யாரும் டிகிரி கேட்பதில்லை. ஒரு பைக், ஒரு போன், சமாளிக்கும் அளவுக்குக் கன்னடமும் ஹிந்தியும், கொஞ்சம் வாய் சாமர்த்தியம், அவ்வளவுதான். அதனால் கம்பெனியில் ஆள் குறைத்ததில் வெளியே வந்தவர், டெலிவரி ஓட்டி அலுத்தவர், அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் பிறந்து வளர்ந்து ஏரியாவை உள்ளங்கையில் வைத்திருப்பவர் எனப் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். வருபவர்களில் நன்றாக விற்கத் தெரிந்தவர்களே கூட, விற்ற பணம் கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரு வருஷத்துக்குள் வேறு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். எப்படி விற்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்பனைக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

1. முதலில் ஒரு கமிஷனை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்

எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் 80 லட்ச ரூபாய் ஃபிளாட் ஒன்றை நீங்கள் விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பில்டர் 2.5% தருகிறார். 80 லட்சத்துக்கு 2.5% என்றால் 2 லட்சம். புது ஆளின் மனதில் அன்று இரவே அந்த 2 லட்சம் உட்கார்ந்துவிடும். மனைவியிடம் சொல்லியாகிவிடும், ஊரில் அம்மாவிடமும் சொல்லியாகிவிடும்.

இப்போது நிஜக் கணக்கு. பில்டர்கள் பெரும்பாலும் மொத்த விலைக்குக் கமிஷன் தர மாட்டார்கள், அடிப்படை விலைக்குத்தான். ஜிஎஸ்டி, கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ், பராமரிப்பு டெபாசிட் எல்லாம் கழித்தால் அடிப்படை விலை 70 லட்சம் என்று வையுங்கள். கமிஷன் 1,75,000. அது உங்களுக்கு வருவதில்லை, நீங்கள் சேர்ந்திருக்கும் சேனல் பார்ட்னர் (பில்டருக்காக விற்றுக்கொடுக்கும்) நிறுவனத்துக்குப் போகிறது. உங்கள் பங்கு 40% என்றால் 70,000. அதில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 2%, அதாவது 1,400 போனால் 68,600. பார்ட்டி புக்கிங் அன்றே, "உங்க கமிஷன்ல எனக்கு ஏதாவது விட்டுக் குடுங்க" என்று கேட்டு 20,000 வாங்கிக்கொண்டார். அந்தப் பார்ட்டியை அறிமுகப்படுத்திய நண்பருக்கு 10,000. மிச்சம் 38,600.

அது எப்போது வரும்? ஜூலையில் புக்கிங். பார்ட்டி வங்கிக் கடனுக்கு அலைந்து, ஒப்பந்தம் போட்டு, பில்டர் கேட்கும் 10 அல்லது 20 சதவீதத்தைக் கட்டி முடிக்க செப்டம்பர் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் பில்டருக்கு இன்வாய்ஸ் போகும். 45 நாள், 60 நாள் என்று சொல்லியிருப்பார்கள். பில்டரிடமிருந்து நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு வரும்போது டிசம்பர். இடையில் பார்ட்டி கேன்சல் செய்தால் எதுவும் கிடையாது. சில பில்டர்கள் கொடுத்த கமிஷனையும் அடுத்த பில்லில் பிடித்துக்கொள்வார்கள்.

மேலே உள்ள சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் நிறுவனத்தின் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். சேரும் முன்பே எழுதுங்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வர வேண்டும். ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: புக்கிங் ஆனது, இன்வாய்ஸ் போனது, கணக்கில் வந்தது. வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது பத்தியை மட்டும் பேசுங்கள். முதல் பத்தி பாஸிடம் காட்ட.

2. கையிருப்பு எவ்வளவு வேண்டும்

"ஆறு மாசச் செலவு கையில இருக்கணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, எந்தச் செலவு? பெரும்பாலானவர்கள் வீட்டுச் செலவை மட்டும் எண்ணுகிறார்கள். இந்தத் தொழிலுக்கே ஒரு மாதச் செலவு இருக்கிறது, அது விற்றாலும் விற்காவிட்டாலும் போகும்.

பெட்ரோலை மட்டும் பாருங்கள். கே.ஆர்.புரத்திலிருந்து சர்ஜாபூர் ரோடு, அங்கிருந்து வொயிட்ஃபீல்டு, திரும்ப வீடு என்றால் நாளைக்கு 60 கிலோமீட்டர் சர்வ சாதாரணம். சில்க் போர்டு நெரிசலில் லிட்டருக்கு 40 கிடைத்தால் பெரிய விஷயம். ஒன்றரை லிட்டர், 150 ரூபாய்க்கு மேல். மாதம் 26 நாளுக்கு 4,000 ரூபாய். அப்புறம் டயர், சர்வீஸ், வெளியே சாப்பாடு, பார்ட்டிக்கு டீ காபி, போன் ரீசார்ஜ். மழை நாளில் குடும்பத்தோடு வரும் பார்ட்டிக்கு கேப் போட வேண்டும், அந்தக் காசும் உங்களுடையதுதான். இதெல்லாம் சேர்ந்து 10,000 முதல் 12,000 வந்துவிடும். பிராப்பர்ட்டி வலைத்தளங்களில் லீட் பேக்கேஜ் (வீடு தேடுபவர்களின் தொடர்பு விவரங்கள்) வாங்கினால் அது தனி.

வீட்டுச் செலவு 40,000, தொழில் செலவு 12,000 என்றால் மாதம் 52,000. ஆறு மாதத்துக்கு 3,12,000. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தால் அதையும் கூட்டுங்கள். இது சேமிப்புக் கணக்கிலோ, எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய எஃப்டியிலோ இருக்கட்டும். ஊரில் இருக்கும் நிலமும் பீரோவில் இருக்கும் நகையும் இந்தக் கணக்கில் சேராது.

அவ்வளவு இல்லையென்றால்? பார்க்கும் வேலையை விடாதீர்கள். இந்தத் தொழிலில் பார்ட்டிகள் வருவது முக்கால்வாசி சனி, ஞாயிறில்தான். வார நாளில் வேலை, வார இறுதியில் சைட் விசிட் என்று எட்டு மாதம் ஓட்டலாம். முதல் கமிஷன் கணக்கில் ஏறிய பிறகு முழுநேரம் இறங்குவது பற்றி யோசியுங்கள். ஆனால் இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஐடி கம்பெனிகள் இதில் கறாராக இருக்கின்றன.

3. வாடகை டீலை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்

புதிதாக வருகிற பையன்களுக்கு வாடகை வீடு காட்டுவது கௌரவக் குறைச்சல். கோடி ரூபாய் வில்லா விற்கத்தான் வந்தோம் என்பார்கள். ஆனால் மாதாமாதம் அடுப்பு எரிவது வாடகை டீலில்தான்.

பெங்களூரில் ஒரு மாத வாடகைதான் வழக்கமான ப்ரோக்கரேஜ். 25,000 ரூபாய் வீடு ஒன்று முடிந்தால், ஓனர் பக்கம் இன்னொரு ஏஜென்ட் இருந்து பாதி போனாலும், உங்களுக்கு 12,500. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே போனுக்கு வந்துவிடும். இன்வாய்ஸ் இல்லை, 60 நாள் காத்திருப்பு இல்லை. மாதம் இரண்டு வீடு முடித்தால் வாடகையும் பெட்ரோலும் கழிந்துவிடும், கையிருப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. இன்று வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்த ஐடி தம்பதிதான் மூன்று வருஷம் கழித்து ஃபிளாட் வாங்கும்போது உங்களைக் கூப்பிடுவார்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் வாடகைச் சந்தை சூடாக இருக்கும். வாடகை வீட்டுக்கு ஏஜென்ட் வேலை செய்ய ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் தேவையில்லை, அந்தச் சட்டம் விற்பனையைப் பற்றியது.

4. சேருவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

"நம்ம ஆளுங்கதான், பேசிக்கலாம்" என்று தமிழ்க்காரர் நடத்தும் ஆபீஸில் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் தர மறுத்தால், பேசியதையெல்லாம் நீங்களே ஒரு மெயிலாகவோ வாட்ஸப் செய்தியாகவோ எழுதி, "நாம பேசினது இதுதானே சார்?" என்று அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள். அதுவே பிறகு கைகொடுக்கும்.

கேட்க வேண்டியவை: என் பங்கு எத்தனை சதவீதம், அது அடிப்படை விலைக்கா, மொத்தத்துக்கா? பில்டர் நிறுவனத்துக்குக் கொடுத்த எத்தனை நாளில் எனக்கு வரும்? பார்ட்டி கேன்சல் செய்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பீர்களா? பார்ட்டிக்கு கேஷ்பேக் கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகும்?

இன்னொரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: நான் வேலையை விட்டுப் போனால், அதற்கு முன் முடித்த டீலின் கமிஷன் எனக்கு வருமா? பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கிறது. புக்கிங் செய்தவர் நவம்பரில் விலகுகிறார், பணம் டிசம்பரில் நிறுவனத்துக்கு வருகிறது, "நீங்க இப்ப எங்க ஆள் இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விலகும் நாளில் நிலுவையில் உள்ள புக்கிங்குகளின் பட்டியலை மெயிலில் அனுப்பி ஒப்புதல் வாங்காமல் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பயிற்சிக் கட்டணம், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், "திரும்பத் தரும்" டெபாசிட் என்று சேரும்போதே பணம் கேட்கும் இடத்தில் சேராதீர்கள். கமிஷன் ஆளை வைத்துக்கொள்வதில் அவர்களுக்குச் சம்பளச் செலவு இல்லை. அதற்கும் உங்களிடமே காசு வாங்கினால், அவர்களுடைய வியாபாரம் வீடு விற்பதில் இல்லை.

5. ரெரா: செலவு என்று தள்ளிப்போட வேண்டாம்

2016-ம் வருஷத்து ரெரா சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட புராஜெக்ட்டில் வீடோ சைட்டோ (காலி மனை) விற்க ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். கர்நாடகாவில் தனிநபர் பதிவுக்கு 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 2 லட்சம். ஐந்து வருஷம் செல்லும். பதிவில்லாமல் விற்றால் தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம், விற்ற சொத்தின் விலையில் 5% வரை போகலாம். மேலே சொன்ன 80 லட்சம் ஃபிளாட்டுக்கு அது 4 லட்சம். கைக்கு வந்தது 38,600 என்பதை நினைவில் வையுங்கள்.

நிறுவனத்தின் பதிவின் கீழ் வேலை பார்த்தால் அந்தப் பதிவு எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று கர்நாடக ரெரா தளத்தில் நீங்களே பாருங்கள். தனியாகச் செய்யத் தொடங்கும் நாளில் உங்கள் பெயரில் எடுத்தாக வேண்டும்.

ஓசூர் விஷயத்தில் நம்மவர்கள் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ரெரா பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. கர்நாடகப் பதிவை வைத்துக்கொண்டு ஓசூர் லேஅவுட்டை விற்க முடியாது, அதற்குத் தமிழ்நாடு ரெராவில் பதிய வேண்டும். சந்தாபுராவில் ஒரு சைட்டைக் காட்டிவிட்டு, "பட்ஜெட் பத்தலையா, பத்து நிமிஷத்துல ஓசூர்ல காட்டுறேன்" என்று கூட்டிப்போகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

ப்ரீ-லாஞ்ச் பற்றியும் ஒரு வார்த்தை. ரெரா எண் கிடைக்காத புராஜெக்ட்டை விளம்பரம் செய்வதும் புக்கிங் வாங்குவதும் கூடாது. அதில் கமிஷன் அதிகம் தருவார்கள். ஏன் அதிகம் தருகிறார்கள் என்று யோசியுங்கள். புராஜெக்ட் நின்றுபோனால் பில்டரைப் பார்ட்டிக்குத் தெரியாது, உங்கள் வீடுதான் தெரியும். அல்சூரில் ஒரே தெருவில் பத்துப் பேருக்கு விற்றுவிட்டு அந்தத் தெருப் பக்கமே போக முடியாமல் சுற்றுவழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. அடுத்தவர் பணம் உங்கள் கணக்கில் ஒரு இரவு கூடத் தங்கக்கூடாது

இது எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் கருத்து.

"அண்ணா, பில்டர் ஆபீஸ் மூடிட்டாங்க, டோக்கன் ஐம்பதாயிரத்தை உங்களுக்கே ஜிபே பண்ணிடுறேன், காலைல கட்டிடுங்க." நல்ல மனதோடுதான் கேட்பார்கள். வாங்காதீர்கள். பில்டரின் வங்கிக் கணக்கு விவரத்தை அனுப்பி, "நேரடியா அவங்களுக்கே போடுங்க சார், ரசீதும் உடனே வந்துடும்" என்று சொல்லுங்கள். அவர் இரவில் மனம் மாறினால், அல்லது அந்த ஃபிளாட் ஏற்கெனவே வேறொருவருக்கு பிளாக் ஆகியிருந்தால், நடுவில் மாட்டுவது நீங்கள். உங்கள் கையிருப்பு மெலிந்திருக்கும் மாதத்தில், வாடகை நாளன்று, கணக்கில் அந்த ஐம்பதாயிரம் கிடந்தால் அது வேறு மாதிரியான சோதனை.

பெங்களூரில் லீஸ் என்று ஒன்று உண்டு. மாத வாடகை கிடையாது, ஓனரிடம் 10 லட்சம், 20 லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டியது, காலி செய்யும்போது திரும்ப வாங்க வேண்டியது. ஓனர் யார் என்றே தெரியாமல் நடு ஆளிடம் லீஸ் பணத்தைக் கொடுத்து ஏமாந்த கதைகள் இந்த ஊரில் ஏராளம். அப்படிப்பட்ட நடு ஆளாக உங்களை யாராவது பயன்படுத்திவிடக் கூடாது. ஈசியையும் (வில்லங்கச் சான்று) வரி ரசீதையும் காத்தாவையும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) பார்த்து, ஓனரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகு, பணம் குடிவருபவரிடமிருந்து ஓனருக்கு நேராகப் போகட்டும். வீடு வங்கி அடமானத்தில் இருந்தால் அந்த டீலே வேண்டாம்.

ரொக்கம் என்றால் இன்னும் எச்சரிக்கை. வருமான வரிச் சட்டப்படி ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில், அல்லது ஒரே டீலுக்காக, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது, வாங்கினால் வாங்கிய தொகை முழுதும் அபராதமாகலாம். சொத்து விற்பனைக்கான முன்பணத்தை ரொக்கமாக வாங்க 20,000 தான் எல்லை. பார்ட்டியும் ஓனரும் கறுப்பு வெள்ளை பேசிக்கொண்டால் அது அவர்கள் பாடு, அந்தப் பையை உங்கள் பைக்கில் வைத்துக் கொண்டுபோகும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள்.

7. பணம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள்

இரண்டு வங்கிக் கணக்குகள் போதும். கமிஷன் எல்லாம் ஒன்றில் விழட்டும். மாதம் 1-ம் தேதி அதிலிருந்து இன்னொன்றுக்கு, அதாவது வீட்டுக் கணக்குக்கு, ஒரே தொகையைச் சம்பளம் மாதிரி மாற்றுங்கள். டீல் மூன்று முடிந்த மாதமும் 40,000, ஒன்றும் முடியாத மாதமும் 40,000. முதல் பெரிய கமிஷன் வந்ததும் புல்லட் புக் செய்யும் பழக்கம் இந்தத் தொழிலில் ஒரு நோய். பார்ட்டிக்கு நாம் எதில் வந்தோம் என்பது முக்கியமில்லை, நேரத்துக்கு வந்தோமா என்பதுதான்.

வரிக்கென்று வரும் ஒவ்வொரு கமிஷனிலும் 10% ஒதுக்கி வைத்துவிட்டால் ஆரம்பத்தில் பெரும்பாலும் போதும். கமிஷனுக்கு டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 2% தான், அதற்கு முன் 5%. 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்தான் பிடிக்க வேண்டும். பான் கொடுக்கவில்லையென்றால் 20% பிடித்துவிடுவார்கள். டிடிஎஸ் குறைந்ததில் ஒரு பொறி உண்டு: முன்பு 5% போனதில் வரியில் ஒரு பகுதி தானாகவே கட்டுப்பட்டுவிடும், இப்போது நன்றாகச் சம்பாதித்த வருஷத்தில் மிச்ச வரியை நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி உண்டு: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தேதிகளில் 15, 45, 75, 100 சதவீதம். தவறினால் மாதம் 1% வட்டி.

புதிய வரி முறையில் இப்போது 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் பலரும் ரிட்டர்ன் போடுவதில்லை. போட்டால்தான் பிடித்த டிடிஎஸ் திரும்ப வரும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது உங்களிடம் காட்ட சம்பளச் சீட்டு இல்லை, ரிட்டர்ன்தான் ஆதாரம்.

வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுக் கணக்கு வைக்காமல் தப்பிக்கும் திட்டம் சின்ன வியாபாரிகளுக்கு இருக்கிறது அல்லவா? கமிஷன், ப்ரோக்கரேஜ் வருமானத்துக்கு அது கிடையாது. கடைக்கார நண்பர் சொன்னார் என்று அதில் போட்டுவிடாதீர்கள். உண்மையான வரவு செலவைத்தான் காட்ட வேண்டும், அதற்குப் பெட்ரோல் பில், போன் பில், லீட் பேக்கேஜ் ரசீது எல்லாம் வேண்டும். இன்னொரு ஏஜென்ட்டுக்குப் பங்கு கொடுத்தால் வங்கி மூலம் கொடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது.

ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது வருகிறது, விகிதம் 18%. இங்கே உங்கள் லாபம் கணக்கல்ல, பில் தொகை முழுதும் கணக்கு. பில்டரிடமிருந்து முழுக் கமிஷனையும் உங்கள் பெயரில் வாங்கி, பாதியைப் பார்ட்னருக்குக் கொடுத்தாலும் முழுதும் உங்கள் வரவுதான். முடிந்தால் ஆளுக்குப் பாதி தனித்தனியாக பில் போடுங்கள்.

பதிவு செய்துவிட்டால் வரும் சிக்கல் வேறு. 1,75,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட்டால் ஜிஎஸ்டி 31,500. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் அதை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், பில்டர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று அரசு கேட்காது. அனுபவப்பட்டவர்கள் முதலில் ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் (வரிக் கணக்கில் ஏறாத மாதிரி பில்) அனுப்பி, பில்டர் அக்கவுண்ட்ஸ் பிரிவு தொகையை மெயிலில் உறுதி செய்த பிறகே வரி இன்வாய்ஸ் போடுகிறார்கள். ஒரு நல்ல ஆடிட்டரை அப்போதாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

8. கடன், சீட்டு, லீட்

வரப்போகும் கமிஷனை நம்பிக் கடன் வாங்கக்கூடாது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 முதல் 4 சதவீதம் வட்டி போகும், உங்கள் கமிஷன் ஐந்து மாதம் தாமதமானால் அதில் ஒரு பங்கு வங்கிக்குத்தான். ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் தினவட்டிக்காரர்கள் இன்னும் வேகமாகக் கொடுப்பார்கள், இன்னும் வேகமாக வாசலுக்கும் வருவார்கள்.

ஏலச்சீட்டு நம் ஆட்களுக்குப் பழகிய விஷயம், சம்பளக்காரருக்கு அது நல்ல சேமிப்பும்கூட. கமிஷன்காரருக்கு அது மாதாமாதம் தவறாமல் கட்ட வேண்டிய ஒரு கடமை. சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்துவிட்டு, பிறகு கட்ட முடியாமல் திணறுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முதல் வருஷம் சீட்டில் சேராதீர்கள். சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் 1982 சட்டப்படி பதிவான சீட்டில், மோசமான மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கு. நீண்டகாலச் சேமிப்புக்கு பிபிஎஃப் வசதியானது, வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், நல்ல வருஷத்தில் 1.5 லட்சம் வரை போடலாம்.

பிராப்பர்ட்டி தளங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் மார்ச் கடைசியில் விடாமல் கூப்பிடுவார்கள். ஒரே லீட் பத்து ஏஜென்ட்டுக்குப் போயிருக்கும். வருஷப் பேக்கேஜ் வேண்டாம், மிகச் சின்னதை எடுத்து, அதிலிருந்து எத்தனை பேர் போனை எடுத்தார்கள், எத்தனை பேர் சைட்டுக்கு வந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் முதல் நாளே எடுங்கள். கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும், நாள் முழுக்க பைக்கில் இருக்கும் தொழில் இது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை.

9. இரண்டு ஆடி வரும் ஊர்

தமிழ்நாட்டு ஏஜென்ட்டுக்கு ஒரு ஆடி. பெங்களூரு தமிழ் ஏஜென்ட்டுக்கு இரண்டு. கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் ஆஷாட மாதம் சந்திரனை வைத்து வருகிறது, பல வருஷங்களில் ஜூன் கடைசியிலேயே தொடங்கிவிடும். அது முடிவதற்குள் நம் ஆடி ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவரை போகும். அந்த ஏழெட்டு வாரத்தில் பார்ட்டி வீடு பார்ப்பார், விலை கேட்பார், "ஆடி போகட்டும்" என்பார். ஆஷாடத்துக்கு முன்பே அதிக மாதம் (சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் மாதம்) வரும் வருஷங்களில் ஆஷாடம் தள்ளிப்போய் ஆடியோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் அந்த அதிக மாதத்திலேயே பலர் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். செப்டம்பர் வாக்கில் மகாளய பட்சம், டிசம்பர் நடுவிலிருந்து மார்கழி.

விற்பனை ஓடுவது யுகாதி, அட்சய திருதியை, தசரா, தீபாவளியை ஒட்டித்தான். அதிலும் தீபாவளியில் புக்கிங் ஆனால் பணம் மார்ச், ஏப்ரலில். ஆகவே கையிருப்பை ஜூனில் நிரம்பிய நிலையில் வைத்திருப்பது போலத் திட்டமிடுங்கள். ஆடியில் வேலை இல்லாமல் இருக்காது: பார்ட்டிகளுக்குக் காட்டிவைப்பதும், பழைய இன்வாய்ஸ்களைத் துரத்துவதும், வாடகை டீல் முடிப்பதும் அந்த மாதத்தில்தான்.

மறுவிற்பனையில் இன்னொரு தாமதம் இ-காத்தா, அதாவது காத்தாவின் டிஜிட்டல் வடிவம். இ-காத்தா இல்லாமல் இப்போது நகருக்குள் பத்திரப் பதிவு நடக்காது. ஓனரிடம் இ-காத்தா கையில் இல்லையென்றால் உங்கள் கமிஷன் தேதியை இரண்டு மாதம் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள். பி காத்தா (முறையான அனுமதிகளில் குறை உள்ள சொத்துகளுக்கான பதிவு) சொத்துக்குக் கடன் கிடைப்பது கஷ்டம், பார்ட்டி கடனை நம்பி வாங்குபவர் என்றால் காட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. பில்டர் இழுத்தடித்தால்

மத்திய அரசின் சிறுதொழில் பதிவுத் தளமான உத்யமில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைப் பிடித்து வைக்கக்கூடாது, எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அரசின் எம்எஸ்எம்இ புகார்த் தளத்தில் புகார் கொடுக்கலாம். டீலுக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், இன்வாய்ஸ் உங்கள் பெயரில் போயிருக்க வேண்டும், உத்யம் எண் இன்வாய்ஸில் இருந்தால் நல்லது.

புகார் வரை போனால் அந்த பில்டரோடு உறவு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மென்மையான ஆயுதம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், கொடுக்கும் வருஷம் வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் விதி இருக்கிறது. பிப்ரவரி கடைசியில், உங்கள் உத்யம் சான்றிதழை இணைத்து, நிலுவை இன்வாய்ஸ் பட்டியலோடு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மரியாதையான மெயில் போடுங்கள். விற்பனை மேனேஜருக்கு ஆறு மாதம் போன் செய்தும் அசையாத பில், மார்ச்சில் ஆடிட்டர் கேட்டால் அசையும்.

11. எப்போது நிறுத்துவது என்பதை இன்றே எழுதுங்கள்

இறங்கும் நாளிலேயே இரண்டு எண்களை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஒன்று தேதி, எட்டாவது மாதத்தின் கடைசி நாள். இன்னொன்று தொகை, கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்கு இறங்கும் இடம். எது முதலில் வந்தாலும் அன்று உட்கார்ந்து நோட்டின் மூன்று பத்திகளையும் பாருங்கள். முதல் பத்தி நிறைந்து மூன்றாவது காலியாக இருந்தால் நீங்கள் விற்கிறீர்கள், பணம்தான் எங்கோ மாட்டியிருக்கிறது. நிறுவனத்தையோ பில்டரையோ மாற்றுங்கள், அதுவரை வாடகை டீல்களை அதிகப்படுத்துங்கள். முதல் பத்தியே காலி என்றால் மாதச் சம்பளம் உள்ள வேலை ஒன்றைத் தேட இரண்டு மாதம் இருக்கிறது. பில்டர்களின் சொந்த விற்பனைப் பிரிவில் சம்பளத்தோடு ஊக்கத்தொகையும் தருகிறார்கள், எட்டு மாதம் சைட் விசிட் செய்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. ரெரா பதிவு உங்கள் பெயரில் இருந்தால் மிச்ச வருஷங்களுக்கு அது அப்படியே இருக்கும், எப்போது திரும்பினாலும் பயன்படும்.